தோள்மேல் ஒரு கை

மதிப்பிற்குரிய ஐயா,

காட்பாடியில் வசிக்கிறேன். என் எட்டு வயது மகன் பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டு ஆயாவுடன் பல்லாங்குழி ஆடுவான். பாவம், அவருக்கும் துணையாக இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். இப்போது அவர் படுத்த படுக்கையாகிவிட்டார். பார்த்தால் பயந்துவிடுவான் என்று மகனை அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அந்த நேரத்தில் டியூஷன் சேர்க்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

டியூஷன் உங்கள் விருப்பம். சில நாட்களாக எங்கள் பழைய தெருவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் உங்கள் கடிதம் என்னை உலுக்கிவிட்டது.

‘பாவம்’ என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். எதிரே உட்கார்ந்து குழி குழியாகக் கணக்குப் பார்த்துக் காய்களை அள்ளுகிறவரிடம் எந்தக் குழந்தையும் பாவம் பார்த்து விளையாடுவதில்லை. உங்கள் மகன் தொண்டு செய்யப் போகவில்லை, தன் சிநேகிதியைப் பார்க்கப் போனான். பெரியவர்களாகிய நாம்தான் அதைத் ‘துணை’ என்று சொல்லிச் சிறுமைப்படுத்துகிறோம்.

வேலூரில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவுக்குப் பார்வை மங்கியிருந்தது. “வா நைனா” என்று என் வலது தோளில் கையை வைத்துக்கொள்வார். அவர் விரலில் காய்ந்திருந்த வெற்றிலைச் சுண்ணாம்பு என் பள்ளிச் சட்டையில் அப்பிக்கொள்ளும். கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் அப்போது வழிபாடில்லாமல் கிடந்தது. கல்யாண மண்டபத் தூணிலிருந்த குதிரை வீரனை நான் வர்ணிக்க, அவர் தடவிப் பார்த்து, “காலைச் சொல்லாம விட்டுட்டியே” என்று திருத்துவார். 1981 மார்ச் 16 அன்று சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து கருவறையில் வைத்த பிறகு, கூட்டத்துக்குள் அவரை அழைத்துச் சென்றவனும் நான்தான். “எப்படி இருக்கார்?” என்றார். “பூவுக்குள்ள இருக்கார் ஆயா” என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

மறு வருடம் அவர் படுத்ததும், ‘பையன் பயந்துவிடுவான்’ என்று வீட்டார் என்னைக் குடியாத்தத்தில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்துத் திரும்பியபோது அவர் வீட்டுத் திண்ணை கழுவிவிடப்பட்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் பயந்தது அப்போதுதான், அம்மா! அதன் பிறகும் வெகுநாள் வலது தோளைத் தாழ்த்தியே நடந்தேன்; நிமிர்ந்து நடக்கச் சொல்லி வாத்தியார் அதட்டுவார்.

ஆயா எப்படி இருக்கிறார் என்பதை மகனிடம் உள்ளபடி சொல்லி, இன்று மாலையே நீங்களும் கூடப் போய்வாருங்கள். பல்லாங்குழியை அவனே எடுத்து வரட்டும். கடைசி ஆட்டத்தில் அடுத்த முறை யாருடையது என்பது அவனுக்கு நினைவிருக்கும்.