எடை குறைக்கும் உற்சாகம் இரண்டே வாரத்தில் வடிந்துவிடுகிறது. தக்கவைப்பது எப்படி?

மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் பாதியில் விட்டேன். நான்காவது முறை 91 கிலோவிலிருந்து 76 கிலோவுக்கு வந்தேன். பதினான்கு மாதங்கள் ஆயின. முதல் மூன்று முறையும் என்னை வீழ்த்தியது பசி அல்ல, எடை பார்க்கும் இயந்திரம்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கும். கால் தரையில் பாவாது. ஆனால் அதில் பெரும்பகுதி நீர்தான். உடல் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாக மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் தங்கியிருக்கும். சோற்றைக் குறைத்ததும் அந்த இருப்பு கரைந்து நீரும் வெளியேறுகிறது. கொழுப்பு அப்படிச் சட்டென்று போகாது. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி கணக்கு. தினமும் 500 கலோரி குறைத்தாலும் ஒரு கிலோ கரையப் பதினைந்து நாள் வேண்டும். இதற்கிடையில் கல்யாண வீட்டில் அப்பளமும் ஊறுகாயுமாக ஒரு வேளை சாப்பிட்டால், உப்பு நீரைப் பிடித்துவைத்து மறுநாள் காலை ஒரு கிலோ கூடுதலாகக் காட்டும். நான் கைவிட்டதெல்லாம் இப்படிப்பட்ட காலைகளில்தான்.

நான்காவது முறை என்னைக் காப்பாற்றியது அரைஞாண் கயிறு. தொடங்கும்போது அது விரல் நுழைய இடமில்லாமல் இறுகி, இடுப்பைச் சுற்றித் தோல் கருத்து வரி விழுந்திருந்தது. இயந்திரம் மூன்று வாரமாக 88-இலேயே நின்ற சமயம், ஒருநாள் குளிக்கும்போது சோப்பு நுரையோடு கயிறு வழுக்கிக்கொண்டு கீழே இறங்கியது. இரண்டு விரல்கள் தாராளமாக நுழைந்தன. தையல் டேப்பை எடுத்து அளந்தேன்: 104 சென்டிமீட்டராக இருந்த வயிறு 100 ஆகியிருந்தது. ஈரத் தலையோடு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றிலிருந்து ஞாயிறு காலை மட்டும் டேப், மாதம் ஒருமுறை எடை. நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இடுப்பளவு இருக்க வேண்டும் என்பார்கள். நான் இப்போது 91.

இன்னொன்று, நடையை என் மனநிலையிடம் விடவில்லை. காலையில் பால் வாங்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன், அதுவும் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பூத்தில். நான் போகாவிட்டால் வீட்டில் யாருக்கும் காப்பி இல்லை. மழையிலும் குடையோடு போயிருக்கிறேன்.

சோற்றை விடவில்லை. அடியோடு விட்டிருந்த இரண்டாவது முறை பன்னிரண்டாம் நாளே தோற்றேன். இப்போது முதலில் பொரியலும் கூட்டும், பிறகு சோறு. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வதில்லை.

ஒரு விஷயத்துக்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். பத்து கிலோ குறைந்ததும் சொந்தக்காரர்கள் பாராட்ட மாட்டார்கள். "ஏன் இப்படி வாடிப்போய்விட்டாய், சர்க்கரை ஏதும் வந்துவிட்டதா?" என்று என் அத்தை பந்தியில் எல்லார் முன்னாலும் கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுவாரம் மருத்துவர் ரத்த அழுத்தம் குறைந்திருப்பதைச் சொன்ன பிறகுதான் மனம் ஆறியது. உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் பலன் தெரியும் என்றார் அவர். நீங்கள் ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், உணவைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பழைய அளவு மருந்தும் புதிய அளவு சாப்பாடும் சேர்ந்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும்.