அளக்காமல் வெட்டலாம், எப்போது அளப்பது?

கேள்வி: ஸ்கேல் வைக்காமல் மனம்போன போக்கில் துணி வெட்டி, குயில்ட்டின் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) மேல்பாகத்தைத் தைத்துவிட்டேன். நடுப்பகுதி படிந்திருக்கிறது, ஓரங்கள் பொரித்த அப்பளம்போல் நெளிகின்றன. இஸ்திரி போட்டால் இன்னும் மோசமாகிறது. எங்கே பிழை?

பதில்: ஸ்கேல் இல்லாமல் வெட்டியதில் பிழையில்லை. அப்படி வெட்டும்போது பல ஓரங்கள் நூலோட்டத்துக்குச் சாய்வாக விழும். சாய்வு 45 டிகிரியை நெருங்க நெருங்கத் துணி அதிகமாக இழுபடும். மெஷினில் கொடுக்கும்போது கை லேசாக இழுத்தாலே ஓரம் நீண்டுவிடும். இஸ்திரிப்பெட்டியை முன்னும் பின்னும் தேய்த்தால் மேலும் நீளும். உங்களுக்கு நடந்தது இதுதான். பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

இப்போதைக்கு, மேல்பாகத்தைத் தரையில் விரித்து நடுவில் மூன்று இடங்களில் நீளத்தை அளந்து சராசரி எடுங்கள். ஓரத்தை அளக்கவே வேண்டாம், அது நீண்டுபோன ஓரம். ஓரத்தில் தைக்கும் பார்டர் பட்டையைச் சராசரி நீளத்துக்கே வெட்டி, இரு முனை, நடு, கால் பாகங்கள் என ஐந்து இடங்களில் குண்டூசி குத்துங்கள். நீண்ட ஓரம் கீழே, துணியை நகர்த்தும் மெஷின் பல்லின் பக்கம் இருக்கட்டும். மிகுதித் துணியைப் பல்லே உள்ளிழுத்துச் சமன்செய்யும். அப்படியும் அடங்காத அளவு மிகுந்தால், ஓரத்துக்கு வந்து முடியும் ஒரு தையலை ஓரப்பக்கம் அகலமாகவும் உள்ளே போகப்போகக் குறுகலாகவும் திரும்பத் தைத்து மிகுதியை உள்ளே தள்ளுங்கள். கட்டம்போட்ட குயில்ட்டில் இது கண்ணை உறுத்தும். அளக்காமல் வெட்டிய குயில்ட்டில் வடிவத்தோடு கலந்துவிடும்.

அடுத்த முறை துணியைத் துவைத்து, கெட்டியாகக் கஞ்சி போட்டபின் வெட்டுங்கள். சாய்வான துண்டு வெளி ஓரத்தில் வந்தால், விளிம்பிலிருந்து 1/8 அங்குலம் தள்ளி உடனே ஒரு தையல் ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒவ்வொரு பிளாக்கும் (குயில்ட்டின் ஒரு பகுதி) ஒவ்வொரு அளவில் வருகிறது. எப்படி இணைப்பது?

பதில்: எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு நறுக்காதீர்கள், வடிவத்தின் உயிர் போய்விடும். இரண்டு மூன்றாகச் சேர்த்து, அந்தக் கூட்டத்தில் நீளமானதை அளவாக வையுங்கள். குறைந்ததில் ஒரு பட்டை சேருங்கள். 1½ அங்குலம் குறைந்தால் தையலுக்கு அரை அங்குலம் கூட்டி 2 அங்குலம் தேவை; 2½ அங்குலமாக வெட்டித் தைத்துவிட்டு ஓரத்தைச் சரிசெய்வது நிம்மதி. தைத்ததையே மறுபடி குறுக்கே வெட்டுவதால் தையல் முனைகள் பிரியும். எனவே தையல் நீளத்தை 2 மில்லிமீட்டராகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்படி அளக்காமல் வெட்டுவது புதிய பாணியா? எந்த வடிவத்தில் தொடங்கலாம்?

பதில்: புதியதல்ல. இன்றைய குயில்ட்காரர்கள் பலர் பாடமாகக் கொள்வது, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்களின் வேலையை. கிழிந்த வேலையுடைகள், மாவு மூட்டைத் துணி, 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறை தைக்கத் தொடங்கியபின் மிஞ்சிய கார்டுராய் என்று கிடைத்ததில் தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வந்தன. 2006இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன.

அவர்களின் ‘ஹவுஸ்டாப்’ வடிவத்தில் தொடங்குங்கள். ஏறக்குறைய 3 அங்குலத் துண்டை நடுவில் வைத்து, 1½ முதல் 2½ அங்குலம்வரை அகலமுள்ள பட்டைகளைச் சுற்றிலும் தைத்துக்கொண்டே போங்கள். பட்டை சாய்ந்து போகலாம். ஆனால் ஒவ்வொன்றையும் தைத்து அழுத்தியபின் விளிம்பை நேர்கோடாக வெட்டிவிட்டே அடுத்ததைச் சேருங்கள். விளிம்பு வளைந்திருந்தால் நாலாவது சுற்றுக்குள் நடுப்பகுதி குமிழ்விடும்.