ரெட் சிடார் போன்சாய் வேலூர் வெயிலுக்குத் தாங்குமா?

கேள்வி: 'ஈஸ்டர்ன் ரெட் சிடார் போன்சாய் விதை, 20 எண்ணம் 399 ரூபாய்' என்று இணையத்தில் விளம்பரம் வருகிறது. படத்தில் முறுக்கேறிய தண்டோடு அழகான மரம். வாங்கி மொட்டைமாடியில் வளர்த்தால் அந்த உருவம் வருமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: வராது, வாங்க வேண்டாம். முதலில், 'போன்சாய் விதை' என்று தனியாக ஒரு விதை கிடையாது. சாதாரண மர விதைதான். தொட்டியில் வைத்து, வேரையும் கிளையையும் வெட்டி, கம்பி கட்டி வளைத்து வருடக்கணக்கில் குறுக்குவதுதான் போன்சாய். விளம்பரப் படத்தில் இருப்பது பல பத்தாண்டு வயதான மரம், அதுவும் பெரும்பாலும் ஜூனிபர் என்ற ஊசியிலை மர இனத்தில் வேறொரு வகை.

சிடார் என்று பெயர் இருந்தாலும் இதுவும் ஜூனிபர்தான், ஜூனிபெரஸ் வர்ஜினியானா. அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் கைவிட்ட வயல்களிலும் வேலியோரங்களிலும் தானாக முளைத்துக் கிடக்கும். பென்சில் செய்ய ஒரு காலத்தில் இதன் கட்டையைத்தான் வெட்டித் தள்ளினார்கள். இவ்வளவு மலிவாகக் கிடைத்தும் அங்குள்ள போன்சாய்காரர்கள் இதை அரைமனதோடுதான் தொடுகிறார்கள். காரணம் இலை. இளம் செடியில் இலை ஊசியாகக் குத்தும். வயதானபின் செதில் போலத் தண்டோடு படியும். பலமாகக் கத்தரித்தால் மறுபடி ஊசி இலைக்கே போய்விடும். வெட்டுவதே வேலையாக உள்ள ஒரு கலைக்கு இது பெரிய தொந்தரவு. கிளைகளும் நெருங்கி அடர்வதில்லை. பச்சை நுனிக்கு ஓடிவிட, உள்பக்கம் மொட்டையாக நிற்கும். அந்த மொட்டைப் பகுதியில் வெட்டினால் துளிர் வராது, கிளை காய்ந்துவிடும். குளிர்காலத்தில் பசுமை மங்கிச் செம்பழுப்பாகும் குணமும் உண்டு.

பிறகு யார்தான் வளர்க்கிறார்கள் என்றால், வயலோரத்தில் காற்றும் மாடும் முறித்துப்போட்ட, அடி பருத்த கிழ மரத்தைத் தோண்டி எடுப்பவர்கள். அதன் பட்டுப்போன கட்டையைச் செதுக்கினால் அழகு. சிலர் அதன்மேல் ஷிம்பாக்கு என்ற ஜப்பானிய ஜூனிபரை ஒட்டுக்கட்டி, சொந்த இலையையே கழித்துவிடுவார்கள். அதாவது இந்த மரத்தில் விலை உள்ளது தண்டுக்கும் வயதுக்கும். விதையில் அந்த இரண்டும் இல்லை.

முளைக்க வைப்பதும் லேசில்லை. விதைக்கு உறக்கம் அதிகம். ஈர மணலில் கலந்து சுமார் 6 வாரம் அறைச் சூட்டிலும், பிறகு 10 வாரம் ஃப்ரிட்ஜில் 5 டிகிரி பக்கத்திலும் வைத்தால்தான் ஓரளவு முளைக்கும். உள்ளே பருப்பே இல்லாத பொக்கு விதைகளும் நிறைய இருக்கும். முளைத்த நாற்று பென்சில் கனத்துக்கு வரவே சில வருடம் ஆகும். அதற்குள் நம் சித்திரை, வைகாசி வந்துவிடும். 40 டிகிரி தாண்டும் வெயிலில் மாடித்தளத்தின் மேல் வைத்த சின்னத் தொட்டியின் மண் கொதிக்கும். வேர் அங்கேயே வெந்துபோகும். இதைவிடப் பெரிய சிக்கல் குளிர் போதாமை. வருடத்தில் சில மாதம் குளிரில் ஓய்வெடுத்துப் பழகிய மரம் இது. வேலூரில் மார்கழி, தை இரவுகளே 18 டிகிரி பக்கம்தான். ஓய்வே இல்லாத செடி மெலிந்துகொண்டே போகும்.

விதை வெளிநாட்டிலிருந்து தபாலில் வருவதாக இருந்தால் இன்னொரு சங்கதி. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். 399 ரூபாய்ப் பொட்டலத்தோடு அவை வரும் என்று எதிர்பார்க்க முடியாது. 2020-இல் பல நாடுகளில் கேட்காமலே விதைப் பொட்டலங்கள் வீடுகளுக்கு வந்தபோது மத்திய வேளாண் அமைச்சகம் எச்சரித்தது நினைவிருக்கலாம். நோயும் களையும் இப்படித்தான் நாட்டுக்குள் வருகின்றன.

உள்ளூர் நர்சரியில் 'ரெட் சிடார்' என்று கேட்டாலும் கவனம் தேவை. கட்டைக்காக நடும் சந்தன வேம்பையும் அதே பெயரில் விற்கிறார்கள். வேப்பிலை போல நீளமான கூட்டிலை இருந்தால் அதுதான். நல்ல மரம், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல.

கேள்வி: கண்காட்சியில் 1,800 ரூபாய்க்கு ஒரு ஜூனிபர் போன்சாய் வாங்கினேன். மூன்று வாரம் பச்சையாகத்தான் இருந்தது, பிறகு திடீரென்று மொத்தமாகப் பழுப்பாகிவிட்டது. விற்றவர், 'நீங்கள் தண்ணீர் சரியாக ஊற்றவில்லை' என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? (காட்பாடி வாசகர்)

பதில்: 'திடீரென்று' என்பதுதான் இதில் ஏமாற்றும். வேர் செத்த பிறகும் ஜூனிபர் பல வாரம் பச்சையாகவே நிற்கும். உங்களிடம் வந்தபோதே அது செத்திருக்கலாம். தரையிலிருந்த செடியைப் பிடுங்கி, வேரைப் பாதிக்கு மேல் வெட்டி, கண்காட்சிக்கு முந்தின வாரம் தட்டையான தொட்டியில் திணித்து, மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டி விற்பது நடக்கிறது. கல் ஒட்டிய தொட்டியில் தண்ணீர் மேலாக வழிந்துவிடும், உள்ளே மண் காய்ந்தே கிடக்கும்.

வாங்கும்போதே பார்க்க வழி உண்டு. தண்டை இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசையுங்கள். மரம் மண்ணோடு சேர்ந்து அசையாமல் தனியாக ஆடினால் வேர் பிடிக்கவில்லை. ஒரு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் ஈரப் பச்சை தெரிய வேண்டும். தவிட்டு நிறம் என்றால் வேண்டாம். நுனியைத் தடவும்போது மெத்தென்று இருக்க வேண்டும், முறமுறவென்று கூடாது. ஒரு கிளைக்கடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். புள்ளிகள் ஊர்ந்தால் சிலந்திப்பேன். நம் ஊர் வறட்சியில் ஜூனிபருக்கு முதல் எதிரி அதுதான். வீட்டில் இருக்கும் செடி என்றால் காலையில் ஹோஸ் வைத்து இலையின் அடிப்பக்கம் நன்றாகப் பீய்ச்சுங்கள். கந்தகத் தூள் கரைசல் அடிக்கலாம், ஆனால் 32 டிகிரி தாண்டும் நாட்களில் அடித்தால் இலை கருகிவிடும்.

இனிப் பண விஷயம். பில் இருக்கிறதா என்று பாருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே வகைதான். நீங்கள் மூன்று வாரத்தில் கவனித்துவிட்டதால் இன்றே வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் புகார் அனுப்புங்கள். செடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தொட்டியிலிருந்து மெதுவாக உருவி, வேரைப் படமும் வீடியோவும் எடுங்கள். புது வேர் ஒன்றுகூட இல்லாமல் வெட்டிய நுனிகள் மட்டும் கறுத்திருந்தால் உங்கள் பக்கம் வலுவான சான்று அதுதான்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் 1,800 ரூபாய்க்காக எத்தனை முறை அலைவீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு படியிலேயே பேசி முடிப்பதுதான் லாபம்.

கேள்வி: ஏலகிரியில் எங்களுக்கு வீடு இருக்கிறது. அங்கே வைத்தால் ரெட் சிடார் வருமா? (திருப்பத்தூர் வாசகர்)

பதில்: கீழே வைப்பதைவிடப் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம், வெயில் அவ்வளவு கடுமையில்லை. ஆனாலும் உறைகுளிர் கிடையாது. இலையின் குறையும் மலைக்குப் போனதால் மாறாது. அங்கே ஜூனிபர்தான் வேண்டும் என்றால் சீன ஜூனிபர் வையுங்கள். வாரக்கடைசியில் மட்டும் போய் வருபவர் என்றால் அதுவும் வேண்டாம். தட்டைத் தொட்டி ஒரு வாரம் காத்திருக்காது.

கேள்வி: அப்படியானால் அந்த ஊசியிலைத் தோற்றத்துக்கு நம் வெயிலில் என்ன வைப்பது? (ஆற்காடு வாசகர்)

பதில்: சவுக்கு. சிரிக்காதீர்கள், நல்ல போன்சாய்க்குத் தேவையானது எல்லாம் இதில் இருக்கிறது. வெயிலைத் தாங்கும், பட்டை சீக்கிரம் முரடாகும், பழைய கட்டையிலும் துளிர்க்கும். விவசாயிகளுக்கு நாற்று விற்கும் நர்சரிகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். நேராக ஓடும் கிளோன் வகையை விட்டுவிட்டு, விதையிலிருந்து வந்த நாட்டுச் சவுக்கைக் கேளுங்கள். பத்துப் பதினைந்து நாற்றைப் புரட்டிப் பார்த்து, அடித்தண்டு வளைந்ததையும் வேர் நாலாபக்கமும் பிரிந்ததையும் எடுங்கள்.

முதல் இரண்டு வருடம் பெரிய தொட்டியிலோ தரையிலோ விட்டுத் தண்டு பருக்க வையுங்கள். தட்டைத் தொட்டிக்கு மாற்ற ஆடி, ஆவணி நல்ல சமயம். மண்ணுக்கு, 3 முதல் 6 மில்லிமீட்டராகச் சலித்த செங்கல் பொடிக்கல் 3 பங்கு, கரித்துண்டு 1 பங்கு, சலித்த இலைமக்கு 1 பங்கு. செம்மண்ணை மட்டும் போட்டால் இறுகிவிடும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நோய் என்று நினைத்துக் கழுவித் தள்ளாதீர்கள். காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்துக் கொடுக்கும் நுண்ணுயிர் அதில்தான் குடியிருக்கிறது. பழைய மண்ணில் ஒரு பிடி புதுத் தொட்டியில் போடுங்கள். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு வேருக்கு மேல் வெட்ட வேண்டாம்.

சவுக்கு தோற்பது தண்ணீரில்தான். தொட்டி ஒரே ஒரு மதியம் முழுக்கக் காய்ந்தால் ஒரு பக்கக் கிளை போய்விடும். கத்திரி வெயிலில் காலையும் மாலையும் ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்து தொட்டி விளிம்பில் வெள்ளை படிந்தால், மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ கொண்டு மாதம் ஒருமுறை அடியில் ஓடும்வரை ஊற்றிக் கழுவுங்கள்.

கிளையை வளைக்க 2 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி போதும். வளர்ச்சி வேகமானதால் நான்கு வாரத்திலேயே கம்பி பட்டையில் பதிய ஆரம்பிக்கும். அதற்குமுன் நறுக்கித் துண்டு துண்டாக எடுங்கள். சுற்றைப் பிரித்து எடுத்தால் கிளை முறியும்.