காமிக்ஸ் வாசகர் சந்திப்புக்குத் தனியாகப் போகலாமா? காமிக் கானுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

ஒருவரையும் தெரியாத நிலையில் தமிழ் காமிக்ஸ் வாசகர் சந்திப்புக்குத் தனியாகப் போகலாமா என்றும், காமிக்ஸ், வீடியோ கேம் ரசிகர்களின் பெரிய விழாவாகச் சென்னையில் நடக்கும் காமிக் கானுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் போய்வந்தவன் நான். தயங்காமல் தனியாகவே போங்கள் என்பதுதான் என் பதில்.

1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில் வெளிவரத் தொடங்கியபோது எனக்குப் பத்து வயது. 1972 முதலே வந்துகொண்டிருந்த முத்து காமிக்ஸ் இதழ்களைத் தெருவிலிருந்த அண்ணன்மார் படித்து முடித்த பிறகு, அட்டை போனதும் பக்கம் போனதுமாக வாங்கிப் படித்திருந்தேன். பத்தாம் வகுப்புக்கு வந்ததும் வீட்டில் அத்தனையையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் ஒளித்து வைத்த ஏழு புத்தகங்கள் மட்டும் தப்பின. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் காமிக்ஸைப் பற்றிப் பேச எனக்கு ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை. ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005-இல் நின்றுபோனது. லயனும் முத்துவும் நீண்ட இடைவெளிகளுக்குப் பிறகு 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் புதிய வேகத்தோடு திரும்பி வந்தன. அந்த இதழை வாங்க அங்கே நின்றபோதுதான், என் வயதையொத்த இத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்பதையே அறிந்தேன்.

ஆயினும் வாசகர்களை நெருங்கி அறிய ஏற்ற இடம் ஈரோடுதான். ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி லயன்-முத்து வாசகர்கள் ஓர் அரங்கில் கூடுகிறார்கள். அந்த இதழ்களின் ஆசிரியர் விஜயனும் வருவார். நான் முதல்முறை போனபோது கையில் ஒரு நாற்பது பக்க நோட்டும், அதில் என்னிடம் இல்லாத இதழ்களின் எண்களும் இருந்தன. வாசலில் தயங்கி நின்ற என்னிடம், அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் அந்த நோட்டை உரிமையோடு வாங்கிப் புரட்டிவிட்டு, "மாயாவி ஒண்ணு கடைசிப் பக்கங்கள் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே, தம்பி, எந்தக் கதை?" என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் காலை புத்தகத் திருவிழாவுக்கு வந்தவர், துணிப்பையிலிருந்து காக்கித் தாள் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்தார். "கையைத் துடைச்சுக்கிட்டு வாங்கிப் பாருங்க" என்றார்.

முதல் பக்கத்தில் ஒரு வாடகை நூல் நிலையத்தின் ஊதா முத்திரை. நடுவில் ஸ்டேப்ளர் முள் துருவேறி, தாளில் பழுப்பு வட்டமாகப் படிந்திருந்தது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் வெளியே தெரியும் நாயகனான மாயாவி, என் புத்தகத்தில் முப்பது ஆண்டுகளாக ஒரு பூட்டிய அறையிலேயே நின்றுகொண்டிருந்தான். மிச்சமிருந்த ஆறு பக்கங்களை அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். பெரியவர் பக்கத்திலேயே பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அந்தப் புத்தகத்தை அவர் எவ்வளவு கொடுத்தாலும் விற்கமாட்டார். ஆனால் கேட்பவருக்குப் படிக்கக் கொடுக்காமல் திருப்பியனுப்பியதும் இல்லை என்று பிறகு நண்பர்கள் சொன்னார்கள்.

சந்திப்பில் என்னதான் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். பெரும்பாலும் அடுத்த ஆண்டு எந்தத் தொடர் வேண்டும், எது வேண்டாம் என்பதுதான். மாயாவி காலத்துக் கதைகளை மறுபதிப்பாகக் கேட்பவர்கள் ஒரு பக்கமும், ஐரோப்பாவின் புதிய வண்ணத் தொடர்களைக் கேட்பவர்கள் மறுபக்கமும், இத்தாலியக் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் வந்தால் போதும் என்பவர்கள் நடுவிலுமாக நின்று வாதிடுவார்கள். இது வெறும் அரட்டையன்று. இன்றைய தமிழ் காமிக்ஸ் பெட்டிக்கடையில் தொங்குவதில்லை. பெரும்பாலும் ஆண்டுச் சந்தாவையும் புத்தகக் காட்சி விற்பனையையும் நம்பியே அச்சாகிறது. வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு உரிமைத் தொகை கட்டி, நல்ல தாளில் வண்ணத்தில், அதுவும் குறைந்த பிரதிகளே அச்சிட வேண்டிய நிலையில், ஐம்பது பேர் ஓர் அரங்கில் ஒரே குரலில் கேட்பது பதிப்பாளருக்குப் பெரிய செய்தி. XIII என்ற ஐரோப்பியத் தொடரின் தமிழாக்கமான, பதினெட்டுப் பாகங்களைக் கொண்ட 'ரத்தப் படலம்' 2010-இல் கறுப்பு வெள்ளையில் ஒரே குண்டு புத்தகமாக வந்தது. அதையே வண்ணத்தில் கேட்டு வாசகர்கள் விடாமல் நச்சரித்ததன் பலனாக 2018-இல் வண்ணத் தொகுப்பும் கைக்குக் கிடைத்தது. ஆகவே சந்திப்புக்குப் போனால் வாய் திறந்து பேசுங்கள். உங்களுக்குப் பிடிக்காத மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்லலாம். மரியாதையோடு சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

காமிக் கான் வேறு வகை. டெல்லியில் 2011-இல் தொடங்கிய காமிக் கான் இந்தியா, 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில்தான் முதன்முறையாகச் சென்னைக்கு, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. என் அக்கா மகளோடு போயிருந்தேன். அவள் ஜப்பானியக் காமிக்ஸான மங்கா படிப்பவள். தானே தைத்த உடையில் வேடமிட்டு வந்தாள். டிக்கெட், கூட்டம், வீடியோ கேம் அரங்குகள், அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷன் பாத்திரங்களின் பொம்மைகள் என்று புத்தகத்துக்கு வெளியே உள்ளவைதான் அங்கே அதிக இடத்தைப் பிடித்திருந்தன. அதைக் குறையாக நான் எண்ணவில்லை. முன்பின் அறியாத ஒரு பெண் ஓடிவந்து அவளுடைய கிழிந்த தோள்பட்டையை ஊசிநூல் போட்டுத் தைத்துக் கொடுத்ததைப் பார்த்தபோது, ஈரோட்டுப் படிக்கட்டுதான் நினைவுக்கு வந்தது. காமிக் கானில் உங்களைப் போன்றவர் தவறவிடக் கூடாதது, ஓவியர்கள் தாங்களே மேசை போட்டு அமர்ந்திருக்கும் வரிசை. ஒரு பக்கத்தை எப்படிக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள் என்று கேட்டால், பென்சில் நகலை எடுத்து வைத்து விளக்குவார்கள். அவர்களுடைய சிறு வெளியீடு ஒன்றையாவது காசு கொடுத்து வாங்குங்கள்.

பழைய இதழ்கள் வாங்குவதில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். முத்துவின் தொடக்க கால இதழ்களுக்கு இன்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்ட ஒருவர் ஜெராக்ஸ் பிரதிக்கு அட்டை ஒட்டி எனக்கு அனுப்பிவைத்த அனுபவம் உண்டு. நேரில் புரட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். படிக்கத்தான் வேண்டும் என்றால், மறுபதிப்பு வந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

ஈரோட்டுக்குப் போவதானால் சந்திப்பு நடக்கும் நாளுக்கு மறுநாளும் தங்கும்படி டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இல்லாத இதழ்களோடு, இரண்டு பிரதிகளாக இருப்பவற்றையும் நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள்; அதே எண்ணைத் தேடிக்கொண்டு யாராவது வந்திருப்பார்.