சி.எல்.எல். இரத்தப் புற்றுநோய்க்கு என்னென்ன சிகிச்சைகள் உள்ளன? உடனே தொடங்க வேண்டாமா?

உங்கள் தந்தைக்கு நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா (சி.எல்.எல்.) என்று தெரியவந்திருக்கிறது. இதயத் துடிப்புக் கோளாறுக்கு ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறார். மருத்துவரோ இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்கிறார். புற்றுநோயை இப்படி விட்டுவைக்கலாமா என்ற உங்கள் பதைப்பு எனக்குப் புரிகிறது. என் தாயார் இதே நோய்க்குச் சிகிச்சை பெற்றவர். நான் மருத்துவர் இல்லை. அவரோடு இருந்து கற்றதையே எழுதுகிறேன்.

மருத்துவர் சொல்வது சரியான வழிதான். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், குளோராம்புசில் என்ற பழைய கீமோதெரபி மருந்தின் காலத்திலும் சரி, இப்ருடினிப் என்ற புதிய மாத்திரை வந்த பிறகும் சரி, அதனால் ஆயுள் கூடியதாக நிரூபணமாகவில்லை. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழோ தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழோ இறங்கிக்கொண்டே போவது, மண்ணீரலோ நெறிக்கட்டிகளோ பெரிதாக வீங்குவது, ஆறு மாதத்துக்குள் எடை பத்து சதவீதத்துக்கு மேல் குறைவது, காரணமில்லாத காய்ச்சலும் இரவு வியர்வையும் வாரக்கணக்கில் நீடிப்பது, இவையே சிகிச்சையைத் தொடங்கச் சொல்லும் அடையாளங்கள். வெள்ளையணு எண்ணிக்கை மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டினாலும் அது ஒன்றையே காரணமாகக் கொள்வதில்லை.

சிகிச்சை தேவைப்படும் நாள் வரும்போது, மருந்தின் பெயரைக் கேட்பதற்கு முன் மூன்று பரிசோதனைகள் செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள்: 17-ஆம் குரோமோசோமின் குட்டைக் கரம் (17p) இழக்கப்பட்டிருப்பதைக் காட்டும் ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை, புற்றைத் தடுக்கும் டிபி53 மரபணுவில் மாற்றம் உள்ளதா என்ற சோதனை, ஐஜிஎச்வி என்ற மரபணு மாற்றமடைந்துள்ளதா இல்லையா என்ற சோதனை. முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் வழக்கமான கீமோதெரபி பெரும்பாலும் பலன் தராது. இந்த முடிவுகள் கையில் இல்லாமல் கீமோதெரபிக்குத் தேதி குறித்தால், பொறுத்திருக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

இன்று முதல் சிகிச்சைக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இப்ருடினிப், அகலாப்ருடினிப், சானுப்ருடினிப் போன்ற, புற்றுச் செல்கள் வளர உதவும் பிடிகே என்ற புரதத்தைத் தடுக்கும் மாத்திரைகள். பலன் இருக்கும்வரை இவற்றைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். தொடங்கிய வாரங்களில் வெள்ளையணு எண்ணிக்கை ஏறுவதைக் கண்டு பலர் கலங்கிப்போகிறார்கள். நெறிக்கட்டிகளில் தங்கியிருந்த செல்கள் இரத்தத்துக்கு வருவதால் ஏற்படுவது அது, மருந்து தோற்றதன் அறிகுறியன்று. ஆனால் இம்மாத்திரைகள் இதயத் துடிப்பைச் சீர்குலைக்கவும் இரத்தக்கசிவை உண்டாக்கவும் கூடும்; பிந்தைய இரண்டில் இதயத் தொல்லை இப்ருடினிப்பைவிடக் குறைவு.

மற்றொன்று வெனெட்டோகிளாக்ஸ் என்ற மாத்திரை. முதல் சிகிச்சையில் ஒபினுடுசுமாப் என்ற ஊசிமருந்தோடு சேர்த்து ஓராண்டு கொடுத்து நிறுத்திவிடுவார்கள். இதன் தொடக்க வாரங்கள்தான் கடினம். புற்றுச் செல்கள் கூட்டமாக மடியும்போது பொட்டாசியமும் யூரிக் அமிலமும் இரத்தத்தில் திடீரென உயர்ந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கலாம் என்பதால் 20, 50, 100, 200, 400 மில்லிகிராம் என வாரம் ஒரு படியாகவே ஏற்றுகிறார்கள். அளவு கூட்டிய நாள்களில் என் தாயாருக்கு மாத்திரைக்கு முன் ஒரு முறை, சில மணி நேரம் கழித்து ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை என இரத்தம் எடுத்தார்கள். குடித்த தண்ணீரைத் தம்ளர் தம்ளராக நான் குறித்து வைத்தேன். அந்த வாரங்களைக் கடந்த பிறகு அவருக்கு மாத்திரை பெரிய சுமையாக இருக்கவில்லை. உங்கள் தந்தையின் இதய நிலையைப் பார்க்கும்போது, சிறுநீரகம் நன்றாக இருந்தால் இந்த வழியைப் பற்றி முதலில் கேட்பேன்.

இவை பலிக்காமல் போனால் பிர்டோப்ருடினிப் என்ற வேறொரு பிடிகே தடுப்பு மாத்திரை, நோயாளியின் எதிர்ப்புச் செல்களையே மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் கார்-டி செல் சிகிச்சை, அரிதாக எலும்பு மஜ்ஜை மாற்று ஆகியவை இருக்கின்றன. இப்போதே அவற்றை எண்ணிக் கவலைப்பட வேண்டாம்.

காத்திருக்கும் காலத்திலும் செய்ய வேண்டியவை உண்டு. இந்த நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் நிமோனியா, இன்ஃபுளுயன்சா தடுப்பூசிகளை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைத் தவிர்க்க வேண்டும். ஒபினுடுசுமாப் உறங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி-யை எழுப்பிவிடக்கூடும் என்பதால் அதற்கான சோதனையை முன்னதாகவே முடித்துவிடுங்கள். அடுத்த முறை செல்லும்போது அவர் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். துடிப்புக் கோளாறுக்கான சில மருந்துகள் வெனெட்டோகிளாக்ஸின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும்.