பதில்: தம்பியைத் திருடன் என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள், என்ன செய்வது?

வணக்கம். நகைக்கடையில் சங்கிலி காணாமல் போனதற்கு அங்கே வேலை பார்த்த உங்கள் தம்பியின் படத்தை 'இவன்தான் திருடன்' என்று வியாபாரிகள் குழுவில் முதலாளி போட்டதாகவும், ஸ்டேஷனிலிருந்து போனில் கூப்பிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம் வந்தது. புகார் கொடுக்க முதலாளிக்கு உரிமை உண்டு. தீர்ப்புச் சொல்ல இல்லை.

முதலில் ஸ்டேஷன் விஷயம். தம்பி ஒளியவே வேண்டாம். ஆனால் எழுத்து மூலமான அழைப்பாணையைக் கேளுங்கள். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பிலேயே கைது கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலையாள் திருட்டும் அதற்குள் அடங்கும். பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின் கீழ், நேரில் வரச் சொல்லி போலீஸ் அறிவிப்புத் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் கூறியது. அறிவிப்பு வந்தால் வக்கீலோடு போகட்டும். வெற்றுத் தாளிலோ, 'நான்தான் எடுத்தேன், பணத்தைக் கட்டிவிடுகிறேன்' என்ற கடிதத்திலோ கையெழுத்துப் போடவே கூடாது. சமரசம் என்ற பெயரில் பல குடும்பங்கள் சிக்குவது இங்கேதான்.

கைதே செய்தாலும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடித்தால் அதை மாஜிஸ்திரேட்டிடமே சொல்லச் சொல்லுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். ஓராண்டுக்குள் எழுத வேண்டும்.

அந்தப் பதிவை இன்றே படமெடுத்து வையுங்கள்; தேதி, எண், குழுவின் பெயர் தெரியட்டும். அழித்துவிட்டால் அவதூறு வழக்குக்குச் சான்று தேடி அலைய வேண்டியிருக்கும்.