குமிழை முழுவதும் திருப்பினால் தண்ணீர் சீக்கிரம் சுடுமா?

கேள்வி: ஆடி மாதம் வாடகை வீட்டுக்குக் குடிவந்தோம். குளியலறையில் 15 லிட்டர் கீசர் ஒன்றை வீட்டுக்காரர் ஏற்கெனவே மாட்டி வைத்திருக்கிறார். அதற்கான கையேடு எதுவும் இல்லை. வெளிச்சுவரில் சிவப்பு விளக்குள்ள ஒரு பெரிய சுவிட்ச், கீசரின் அடியில் எண்களே இல்லாத ஒரு குமிழ், அதனருகே இரண்டு சிறு விளக்குகள் இருக்கின்றன. மார்கழிக் குளிரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் நான் குமிழை முழுவதும் திருப்பிவிடுகிறேன். சுவிட்சை அணைக்கத் தேவையில்லை, கீசர் தானே நின்றுகொள்ளும் என்கிறார் மாமியார். குளிக்கும் முன் அணைத்தே ஆக வேண்டும் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: முதலில் குமிழைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிடுகிறேன், ஏனெனில் பல வீடுகளில் மின்சாரம் வீணாவதற்கும் பிள்ளைகளின் கையில் சூடு படுவதற்கும் அதுவே காரணமாக இருக்கிறது. எரிவாயு அடுப்பின் குமிழைத் திருப்பினால் தீ கூடுவதுபோல, கீசரின் குமிழைத் திருப்பினால் சூடேறும் வேகம் கூடுவதில்லை. உள்ளே இருக்கும் 2000 வாட் கம்பிச்சுருள் எரியும்போது முழு அளவில் எரியும், இல்லையென்றால் முற்றிலும் அணைந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை அதற்குக் கிடையாது. எந்தச் சூட்டில் நிறுத்த வேண்டும் என்பதை மட்டுமே குமிழ், தெர்மோஸ்டாட் வழியாகத் தீர்மானிக்கிறது.

தொட்டித் தண்ணீர் அதிகாலையில் 18 டிகிரி இருப்பதாக வைத்துக்கொண்டால், 15 லிட்டரையும் 50 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 17 நிமிடம் ஆகும். குமிழ் நடுவில் இருந்தாலும் கடைசி வரை திருப்பியிருந்தாலும் அந்த 17 நிமிடம் மாறாது. கடைசி வரை திருப்பியிருந்தால் கீசர் அங்கே நிற்காமல் 75 டிகிரி வரை போகும். அதற்கு மொத்தம் அரை மணி நேரமும் ஏறக்குறைய ஒரு யூனிட்டும் செலவாகும். 50 டிகிரிக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் போதும்.

அதற்காக எப்போதும் குறைத்தே வைக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். 50 டிகிரி நீரைப் பச்சைத் தண்ணீருடன் கலந்து குளிக்கும் பதத்துக்குக் கொண்டுவந்தால் சுமார் 22 லிட்டர், அதாவது ஒரு வாளி, கிடைக்கும். 60 டிகிரி என்றால் 28 லிட்டர் வரை வரும். ஒருவர் மட்டும் குளிக்க 50 போதும், இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்துக் குளிப்பதானால் 60 நல்லது. அதற்கு மேல் வைப்பதை நான் ஆதரிக்கவில்லை, ஏனெனில் 60 டிகிரி நீரே சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து, சுடுநீரை அதன் மேல் விடுங்கள்.

குமிழில் எண் இல்லாததால் கவலைப்பட வேண்டாம். கீசர் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் குமிழை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் ‘டிக்’ என்று சத்தம் கேட்டு, இரண்டு விளக்குகளில் ஒன்று அணையும். தண்ணீரின் அப்போதைய சூடு அந்த இடத்துக்குரியது. அணைந்தது தண்ணீர் காய்வதைக் காட்டும் விளக்கு. எரிந்துகொண்டே இருப்பது கீசருக்கு மின்சாரம் வந்திருப்பதைக் காட்டும் விளக்கு. சுவரில் உள்ள சிவப்பு விளக்கோ சுவிட்ச் போடப்பட்டிருப்பதை மட்டுமே சொல்லும், தண்ணீர் காய்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ஐயம் இருந்தால் மின்மீட்டரைப் பாருங்கள்: அதில் 3200 (ஒரு யூனிட்டுக்கு அத்தனை துடிப்பு) என்று அச்சிட்டிருந்தால், கீசர் காயும்போது மீட்டரின் சிறு விளக்கு நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை துடிக்கும், ‘டிக்’ கேட்டதும் அந்தத் துடிப்பு சட்டென்று தளரும்.

இனி மாமியாரும் கணவரும். தண்ணீர் சுட்டதும் கீசர் தானே நிற்கும் என்று மாமியார் சொல்வது உண்மைதான். ஆனால் நாள் முழுதும் சுவிட்சைப் போட்டே வைத்தால், தண்ணீர் ஆறும்போதெல்லாம் கீசர் மீண்டும் மீண்டும் காய்ச்சிக்கொண்டிருக்கும். யாரும் குளிக்காத நண்பகலிலும் மீட்டர் ஓடும். தெர்மோஸ்டாட் என்றாவது பழுதானால் அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். கணவர் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அது வாடகை வீடு. எர்த் கம்பி சரியாக இணைக்கப்பட்டிருக்கிறதா, கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. வயர்மேன் ஒருவரை அழைத்து இவ்விரண்டையும் சோதித்துக்கொள்ளும் வரை, அணைத்துவிட்டே குளியுங்கள். அணைத்ததால் நீர் ஆறிவிடாது. சுற்றியுள்ள பஞ்சுறை அதைப் பல மணி நேரம் சூடாகவே வைத்திருக்கும். எழுந்ததும் போடுவது, இருபது நிமிடத்தில் அணைப்பது, பிறகு குளிப்பது என்று வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர். நான்கு ஆண்டு பழைய கீசர் இப்போது இரைச்சலுடன் காய்கிறது, இடையில் நின்றுவிடுகிறது. அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடுகிறது. இப்படியே பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: கூடாது. தெர்மோஸ்டாட் தவறினாலோ கம்பிச்சுருள் அளவுக்கு மீறிச் சூடானாலோ மின்சாரத்தைத் துண்டிப்பதற்கென்றே வைக்கப்பட்ட கட் அவுட்டின் பொத்தான் அது. கடின நீரின் சுண்ணாம்பு கம்பிச்சுருளின் மேல் ஓடாகப் படிந்திருக்கிறது; சூடு நீருக்குள் இறங்க முடியாமல் உள்ளேயே தேங்குகிறது. நீங்கள் கேட்கும் இரைச்சலும் அந்த ஓட்டுக்கடியில் நீர் கொதிப்பதுதான். 60 டிகிரிக்கு மேல் சுண்ணாம்பு வேகமாகப் படியும் என்பதால், உங்கள் ஊர்த் தண்ணீருக்குக் குமிழை 50ஐ ஒட்டியே வைக்க வேண்டும். கீசரைத் திறந்து, படிந்த சுண்ணாம்பை நீக்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் காக்க உள்ளே இருக்கும் மெக்னீசியக் கம்பி கரைந்துபோயிருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் உடனே சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். சுடுநீர்க் குழாயைத் திறந்துவைத்து, காற்று முழுதும் வெளியேறி நீர் சீராக விழுந்த பிறகே போட வேண்டும். காலித் தொட்டியில் கம்பிச்சுருள் சில நிமிடங்களில் கருகிவிடும்.

கேள்வி: சமையல் சீக்கிரம் முடிய, கீசர் தண்ணீரில் உலை வைக்கலாமா?
– ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: வேண்டாம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். கீசரில் போர் தண்ணீர் ஏறுகிறது என்றால் அது குளிக்க மட்டும். உலைக்கு ஒகேனக்கல் தண்ணீரையே வையுங்கள்.